இருபத்தைந்து லிட்டர்

அனந்தபுரத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணே ஒரு நிபந்தனை போட்டாள் என்கிற சேதி, தனகோட்டி பஸ் பிடித்துச் செஞ்சியில் வந்து இறங்குவதற்கு முன்பே கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை. டீக்கடை வாசலில் ஒருவர், "இன்னா தனகோட்டி, பொண்ணு சுடுதண்ணி கேட்டுச்சாமே?" என்று கேட்டார். அவனுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது.

தனகோட்டிக்கு நாற்பத்தைந்து வயது. திருவண்ணாமலை ரோட்டில் மல்லாக்கொட்டை உடைக்கிற மிஷின் வைத்திருந்தான். சீசன் வந்துவிட்டால் தலையிலிருந்து கால்வரை கடலைத்தோல் தூசி படிந்து, சிவப்பு மாவில் புரட்டி எடுத்த மாதிரி இருப்பான். நைனா போன பிறகு தங்கச்சிகளை ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, அவனுக்குப் பெண் கொடுக்க ஒருவரும் காத்திருக்கவில்லை. சரி, இப்படியே போகட்டும் என்று மிஷினோடு இருந்துவிட்டான். அக்கா விருத்தாம்பாள் மட்டும் விடவில்லை. பக்கத்துத் தெருவில்தான் அவள் குடித்தனம். "நான் கண்ண மூடறதுக்குள்ள உன்ன ஒருத்தி கையில புடிச்சிக் குடுத்துட்டுதான் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே கடைசியில் ரத்தினம்மாளைக் கண்டுபிடித்தாள்.

ரத்தினம்மாளுக்கு முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் அமைப்பாளர் வேலை. அந்தத் திட்டம் வந்தே இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. தாய் தகப்பன் இல்லை. ஒரே தம்பி, அரிகிருஷ்ணன். குழந்தையில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவன். கைகள் மட்டும் மல்யுத்தக்காரனுடைய கைகள் மாதிரி இருக்கும். செஞ்சியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

அன்றைக்கு பஜ்ஜியும் காப்பியும் ஆன பிறகு விருத்தாம்பாள் ஒரு மரியாதைக்காக, "பொண்ணு எதனா பேசணும்னா பேசட்டும்" என்றாள். இந்த மாதிரி இடத்தில் பெண் தலையைக் குனிந்துகொள்வதுதான் வழக்கம். ரத்தினம்மாள் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராகத் தனகோட்டியைப் பார்த்தாள்.

"எனுக்கு ஒண்ணு மட்டும் வோணும். காலையிலேர்ந்து பள்ளிக்கூடத்து அடுப்பாண்டதான் நிக்கறேன். மழக்காலத்துல ஈர விறகு. புகையில கண்ணும் தெரியாது, மூச்சும் ஓடாது. எனுக்கு இளைப்பு இருக்குது. வூட்டுக்கு வந்து சுடுதண்ணி ஊத்திக்கிட்டாதான் நெஞ்சு எளகும். அந்தச் சுடுதண்ணிக்கே திரும்ப அடுப்ப ஊதணும்னா என்னால ஆவாதுங்க. கொழாயத் தொறந்தா சுடுதண்ணி வரணும். வேற நகை நட்டு எதுவும் வோணாம்."

விருத்தாம்பாள் திறந்த வாயை மூடவில்லை. மூலையில் பெஞ்சில் ஊன்றுகட்டைகளைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அரிகிருஷ்ணன், "அக்கா, கூடவே செஞ்சிக் கோட்டையையும் எழுதிக் கேளு. இப்ப இருக்கற முகத்துக்கு அத்தயும் குடுத்துடுவாரு" என்றான்.

அவன் சொன்னது சரிதான். தனகோட்டியின் முகம் அப்படித்தான் இருந்தது. வரன் பேசப் போன இடத்திலெல்லாம் அவனுடைய வயதைக் கேட்டார்கள், நிலத்தைக் கேட்டார்கள், மிஷின் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார்கள். அவன் கையால் செய்து கொடுக்கக்கூடிய ஒன்றை ஒருத்தி வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"செஞ்சிடலாம்" என்றான். சொல்லிவிட்டு, குரல் ரொம்பப் பலமாக வந்துவிட்டதோ என்று வெட்கப்பட்டான்.

தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. தனகோட்டிக்குப் பொறுக்கவில்லை. மிஷினை ஒட்டினாற்போல இருந்த வீட்டின் பின்னால் குளியலறை கட்டக் கொத்தனாரைக் கூப்பிட்டான். நாலு பக்கமும் செங்கல் சுவர், மேலே கான்கிரீட். அது காய்வதற்குள்ளாகவே, திண்டிவனத்தில் ஒரு லாட்ஜை இடிக்கிறார்கள், அங்கே பெரிய சுடுதண்ணிச் சிலிண்டர் இருக்கிறது என்று லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் சொன்னான். மறுநாளே போய், கிடைத்த சந்தோஷத்தில் மேலும் கீழும் பார்க்காமல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். ஆள் உயரம் இருந்தது. இறக்கும்போது தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

அதை மாட்டிக் கொடுக்கச் சொல்லி பஷீர் அகமதைக் கூட்டிவந்தான். பஷீர் பாய்க்கு மசூதித் தெரு முனையில் எலெக்ட்ரிக் கடை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் சினேகிதம். பாய் சிலிண்டரை ஒரு சுற்று சுற்றிவந்தார். விரலை மடக்கித் தட்டினார். உள்ளே பொலபொலவென்று துரு உதிர்கிற சத்தம் கேட்டது. உச்சியில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் யாரோ மரக்கட்டையைச் செதுக்கி அடித்துவைத்திருந்தார்கள்.

"இது இன்னா தெரிமா?" என்று கேட்டார் பாய்.

"ஓட்டை. அடைச்சிதான வெச்சிருக்குது?"

"இதுல சேஃப்டி வால்வு இருந்திருக்கணும். தண்ணி அளவுக்கு மேல கொதிச்சா அது தானா தொறந்து ஆவிய வெளிய வுடும். அது கெட்டுப்போயிருக்கும், எவனோ புத்திசாலி கட்டைய சொருவிட்டான். இத்த மாட்டி சுச்சு போட்டு மறந்துட்டன்னு வையி, கல்யாணத்துக்கு வேட்டு தனியா வாங்க வோணாம்."

தனகோட்டி நாலடி தள்ளிப்போய் நின்றான். அதற்கு இன்னும் கரண்டே கொடுக்கவில்லை என்பது அவனுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

"அப்பிடியே இது நல்லா இருந்தாக்கூட உனக்கு எதுக்குடா இது? இந்தத் தண்ணி மொத்தமும் காயறதுக்கு நம்ம ஊரு லோ வோல்டேஜுல மத்தியானம் ஆயிடும். நீ குளிக்கறதுக்கு லாட்ஜு சிலிண்டரா? யாரு குளிக்கப் போறாங்களோ அவங்கள நம்ம கடைக்கு வரச் சொல்லு. எத்தினி பேரு, எப்பிடிக் குளிக்கறாங்க, எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணு பாக்கலாம்."

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைக் கடைக்கு வரச் சொல்வதா என்று விருத்தாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ரத்தினம்மாள் மையத்துக்கு அரிசி பருப்பு எடுக்க எப்படியும் செஞ்சிக்கு வருகிறவள்தான். ஒரு நாள் சாமான் வண்டியை அனுப்பிவிட்டு, குடையை மடக்கியபடி பஷீர் பாய் கடைக்குள் வந்தாள். தனகோட்டி முன்னாலேயே வந்து, துவைத்த சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். அவள் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான். பாய் வேண்டுமென்றே மேஜை இழுப்பறைக்குள் எதையோ தேடினார்.

பாண்டிச்சேரியிலிருந்து அவர் வரவழைத்த கீசர்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. சின்னது, நடு, பெரிசு. மூன்றும் வெள்ளை வெளேரென்று இருந்தன. சின்னது பதினைந்து லிட்டர், அடுத்தது இருபத்தைந்து, பெரியது ஐம்பது. பாய் மூடியைக் கழற்றிக் காட்டினார். வேண்டிய சூடு வந்ததும் கரண்டைத் தானே நிறுத்துகிற தெர்மோஸ்டாட், ஆவி வெளியேற வால்வு, எர்த்து கம்பி சேர்க்கிற இடம் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

"எர்த்துக்கு வீட்டுப் பின்னாடி குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, தகடு பொதைக்கணும். அது இல்லாம நான் மாட்ட மாட்டேன். சுச்சு குளிக்கற ரூமுக்கு வெளியதான் இருக்கணும், ஈரக் கையி படக்கூடாது. மேல தண்ணித்தொட்டி ஒண்ணு வோணும், அப்பதான் கீசருக்குள்ள தண்ணி எப்பவும் ரொம்பி நிக்கும். சரி, வூட்ல எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு" என்றான் தனகோட்டி. அந்த வார்த்தையைச் சொல்வதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. இத்தனை வருஷமாக ரேஷன் கடையிலும் எலெக்‌ஷன் கணக்கெடுப்பிலும் "ஒருத்தன்" என்றே சொல்லி வந்தவன்.

ரத்தினம்மாள் குனிந்து, கீசரில் குழாய் சேர்க்கிற இடத்தைப் பார்த்தாள். பிறகு வேறு எதையோ கேட்டாள். "இந்தக் கொழாய எவ்ளோ கீழ வெக்க முடியும்?"

"எங்க வோணும்னாலும் வெக்கலாம்மா."

"தரையில ஒக்காந்து குளிக்கறவங்க தெரியாம சுடுதண்ணிக் கொழாய மட்டும் தொறந்துட்டாங்க, சட்டுன்னு நவுந்துக்க முடியல. தோலு வெந்துடுமா?"

"தெர்மோஸ்டாட்ட கொறைச்சி வெச்சிக் குடுத்துடறேன். கையி பொறுக்கற சூட்டுக்கு மேல ஏறாது. பச்சத்தண்ணிக் கொழாய் பக்கத்துலியே வெச்சி, ரெண்டும் கலந்து ஒரே வாயில வர்ற மாதிரியும் பண்ணலாம்."

"மாறி மாறிக் குளிச்சா, ஒருத்தருக்கப்புறம் ஒருத்தரு தண்ணி காயக் காத்திருக்கணுமா?"

"ஒரு ஆளு, ரெண்டு ஆளுக்கு சின்னதே போதும். மூணு பேருன்னா நடுவுல இருக்கறது. அதுக்கு மேல பெருசு."

அவள் நடுவில் இருந்ததைப் பார்த்தாள். உள்ளங்கையை அதன் மேல் வைத்து, குழந்தை உடம்பில் காய்ச்சல் பார்ப்பது போல ஒரு நிமிஷம் வைத்தபடியே நின்றாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "சின்னதே போதும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தனகோட்டி கூடப் போனான். வழியெல்லாம் மழையைப் பற்றியே பேசினாள்.

ஜாக்கிரதைக்காரி, எதையும் விசாரித்துத்தான் வாங்குவாள் போலிருக்கிறது என்று முதலில் அவன் சந்தோஷமாக நினைத்தான். மறுநாள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, உடைத்த பருப்பு ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமும் விழுவதைப் பார்த்தபடி நின்றவனுக்கு, திடீரென்று அந்தக் கேள்விகள் திரும்ப வந்தன. தரையில் உட்கார்ந்து குளிக்கிறவர் யார்? அவளும் இல்லை, நானும் இல்லை. சட்டென்று நகர முடியாதவர் யார்? ஒருத்தருக்கப்புறம் ஒருத்தர், அப்புறம் இன்னொருத்தர்...

பெல்ட்டைத் தள்ளி மிஷினை நிறுத்தினான். தூசி தட்டக்கூடத் தோன்றவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராக டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனான்.

மாடியில்லாத ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம் அது. உள்ளே பத்துப் பதினைந்து மிஷின்கள் ஒரே நேரத்தில் தடதடத்தன. சிவப்புத் தூசியோடு ஒருவன் வாசலில் வந்து நின்றதும் தடதடப்பு நின்றுபோயிற்று. "யாரும் நிறுத்தச் சொல்லல, ஸ்பீடு போயிடும்" என்று அரிகிருஷ்ணன் சத்தம் போட்டான். மறுபடியும் தடதடப்பு தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருவரும் பேசினார்கள்.

"கல்யாணத்துக்கப்புறம் நீ எங்க இருக்கப் போற?" என்று கேட்டான் தனகோட்டி.

"இங்கியே. பின்னாடி ஒரு ரூம் இருக்குது. ஓனரு சரின்னுட்டாரு. பஸ்ஸு ஏறி எறங்கற வேலையும் மிச்சம்."

"நீயாவே சொன்னியா, யாராச்சும் சொல்லச் சொன்னாங்களா?"

அரிகிருஷ்ணன், பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தாளை எட்டிப்பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உங்க அக்கா கேட்டாங்க. தப்பாக் கேக்கலீங்க, மரியாதையாத்தான் கேட்டாங்க. பாவம், தம்பி நல்லா வாழணும்னு எந்த அக்காவுக்குத்தான் இருக்காது? எங்க அக்கா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நானே ஒத்துக்கிட்டேன். என்னால தட்டிப்போன வரன் போதாதா? அதுக்கப்புறம் எங்க அக்கா எங்கூட சரியாப் பேசறதில்ல."

"குளிக்கறதுக்கு?"

"இன்னா குளிக்கறதுக்கு?"

"இங்க குளிக்கறதுக்கு இன்னா பண்ணுவ?"

அவன் வேட்டியைக் கொஞ்சம் விலக்கினான். தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு வெந்து ஆறிய தழும்பு. "தனியாக் குளிக்கறேன்னு வீம்பு புடிச்ச வயசுல பானைய சாச்சிக்கிட்டேன். அதிலேர்ந்து எங்க அக்காதான் கலந்து வெச்சிக் குடுக்கும். இனிமே பச்சத்தண்ணி. செஞ்சி வெயிலுக்குப் பச்சத்தண்ணியே சுடுதண்ணிதான்."

தனகோட்டி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். என்னோடு வந்து இரு என்று சொன்னால் இவன் வர மாட்டான். இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறாய் என்பான், சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவான். தனகோட்டி வாழ்க்கையில் அதிகம் பொய் சொன்னதில்லை. அப்போது சொன்ன பொய் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை.

"ஒரு சிக்கல் ஆயிடுச்சி மச்சான்" என்றான். மச்சான் என்ற வார்த்தை முதல் தடவையாக வாயில் வந்தது. "பாய் கடையில பதினஞ்சு லிட்டர் தீந்துபோச்சாம். தைக்குள்ள வராதாம். இருவத்தஞ்சுதான் இருக்குது. மூணு பேரு அளவு. நாங்க ரெண்டே பேரு. தெனம் மிச்சத் தண்ணி வீணா ஆறிப்போவும், கரண்டுக்குக் கேடு. நீ வந்து அத்த ஊத்திக்கிட்டியானா கணக்கு சரியாப் பூடும்."

அரிகிருஷ்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் வாயோரம்தான் துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு மேஜையில் கைகளை ஊன்றிக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பில் தடதடப்பு மறுபடியும் மொத்தமாக நின்றுபோயிற்று.

"மிச்சத் தண்ணிக்கு ஆள் புடிக்கறீங்களா மாமா?" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்களுக்குப் பொய் சொல்லவே வரல. இந்த ஒரு குணத்துக்காகவே வரலாம் போலிருக்குதே."

அன்று சாயங்காலமே அவனை மொபெட்டில் பின்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஈரம் காயாத குளியலறையில் ஒரு பலகையைப் போட்டு அரிகிருஷ்ணனை உட்காரவைத்தான். கை எட்டுகிற இடத்தில் குழாய்க்கு ஒரு கரிக்கோடு, எழுந்திருக்கப் பிடித்துக்கொள்கிற கம்பிக்கு ஒரு கரிக்கோடு. "இன்னும் கொஞ்சம் கீழ... அங்க இல்ல மாமா, இடது பக்கம்... எனுக்கு இடது கையிதான் பலம்" என்று அவன் சொல்லச் சொல்ல, கோடுகள் அழிந்து அழிந்து, புதுச் சுவர் பூராவும் கரி.

அந்த நேரம் பார்த்து விருத்தாம்பாள் வந்தாள். கையில் தம்பிக்கென்று கொண்டுவந்த குழம்புச் சட்டி. குளியலறைக்குள் தலையை நீட்டியவள் அரிகிருஷ்ணனைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"நீ கேட்டியாக்கா?" என்றான் தனகோட்டி. வெளியே கூட்டிவந்துதான் கேட்டான்.

"கேட்டேன். உன் நல்லதுக்குத்தான் கேட்டேன். இந்த வயசுல கல்யாணம் பண்ணிக்கற, கொஞ்ச நாளாவது ரெண்டு பேரா இருக்கட்டுமேன்னு கேட்டேன். தப்பா?"

அவள் குரல் உடைந்தது. தனகோட்டிக்கு அவள் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவனுக்காக ஊர் ஊராக அலைந்த கால்கள் அவை.

"தப்பு இல்லக்கா. ஆனா அந்தப் பொண்ணு எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் வாயத் தொறந்து கேட்டுச்சி. கேக்காம வுட்டது எதுன்னு இப்பதான் எனுக்குப் புரிஞ்சிது. அத்தயும் செஞ்சாதான எனுக்கு மரியாதை?"

விருத்தாம்பாள் மூக்கை உறிஞ்சினாள். உள்ளே எட்டிப்பார்த்து, "ஏம்பா, குழம்பு சாப்புடுவியா? கருவாடு" என்று கேட்டாள். "ரெண்டு கரண்டி எக்ஸ்ட்ராவாப் போடுங்க" என்றான் அரிகிருஷ்ணன் உள்ளேயிருந்து.

பஷீர் பாய் சொன்னபடி எல்லாம் நடந்தது. எர்த்துக்குக் குழி எடுத்தார்கள். கரியும் உப்பும் போட்டார்கள். மேலே தொட்டி கட்டினார்கள். சுவிட்சு வெளிச்சுவரில் ஏறியது. கீசரின் கனத்துக்குச் சுவர் தாங்க வேண்டுமென்று, பாய் போல்ட்டைப் பூட்டிய பிறகு, கீசரை மாட்டுகிற கம்பியில் தானே இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார். அவர் கனமான ஆள். சுவர் அசையவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவ அந்தம்மாவ வரச் சொல்லு. எப்ப போடணும், எப்ப நிறுத்தணும்னு நான் நேர்ல காட்டிக் குடுத்துடணும்" என்றார்.

ரத்தினம்மாள் வந்தாள். வருகிற வழியில் பாயையும் கூட்டிக்கொண்டு வரலாமென்று கடைக்குள் நுழைந்திருக்கிறாள். பாய் முன்னாலேயே கிளம்பிவிட்டிருந்தார். கடையில் இருந்த பையனிடம் கேட்டுக்கொண்டு அவளே வழி விசாரித்து வந்துசேர்ந்தாள். தனகோட்டி அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் குளியலறைக் கதவைத் திறந்தான்.

அவள் மேலே இருந்த கீசரைப் பார்த்தாள். பிறகு முழங்கால் உயரத்தில் இருந்த குழாயைப் பார்த்தாள். பக்கத்திலேயே சுவரோடு பதித்திருந்த கம்பியைப் பார்த்தாள். வழவழப்பான தரை வேண்டாமென்று போட்டிருந்த சொரசொரப்பான சிமெண்டைக் காலால் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் கொழாய் யாருக்கு?" என்று கேட்டாள். குரல் சன்னமாக இருந்தது.

தனகோட்டி, பக்கத்தில் நின்ற பாயைப் பார்த்தான். "அது வந்து... பாய் கடையில பதினஞ்சு லிட்டர் தீந்துபோச்சி. இருவத்தஞ்சுதான் இருந்துச்சி. மூணு பேரு அளவு. அதான் மிச்சத் தண்ணி..."

"பதினஞ்சு லிட்டர் கடையில நின்னுக்கிட்டு இருக்குது. இப்பதான் பாத்துட்டு வர்றேன்."

பஷீர் பாய் மிகவும் சிரமப்பட்டுக் கூரையைப் பார்த்தார்.

ரத்தினம்மாள் உள்ளே போய் அந்தப் பலகையில் உட்கார்ந்தாள். தம்பி உட்காருவது போலவே உட்கார்ந்து, இடது கையை நீட்டி எட்டுகிறதா என்று பார்த்தாள். எட்டியது. குழாயைத் திறந்தாள். காலையிலிருந்தே பாய் போட்டுவைத்திருந்ததால் தண்ணீர் சூடாக வந்தது. அவள் கையை அதன் கீழே காட்டினாள். கைக்குப் பொறுக்கிற சூடு. விரல்களுக்கிடையில் அது ஓடி ஓடி விழ, அவள் குழாயை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். முதலில் தோள்தான் அசைந்தது. அழுகிறாள் என்று தனகோட்டி பயந்து ஒரு எட்டு வைத்தான்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. ஆனால் சிரிப்புதான் அதிகம்.

"எப்பிடிக் கேக்கறதுன்னு தெரியாம தெனம் செத்துக்கிட்டு இருந்தேங்க" என்றாள். "கடையில நீங்க ரெண்டு பேருன்னு சொன்னப்ப உங்க முகத்துல அம்மாம் சந்தோசம். அத்தப் பாத்துட்டு எப்பிடி மூணுன்னு சொல்லுவேன்?"

"மூணுன்னு சொல்லிப் பாத்தேன்" என்றான் தனகோட்டி. "அது இன்னும் நல்லாருந்துச்சி."

"தண்ணிய மூடும்மா" என்றார் பாய், பொறுக்க முடியாமல். "இருவத்தஞ்சுதான் புடிக்கும். கண்ணீர்லாம் அளவுல சேராது."

தை பிறந்து கல்யாணம் முடிந்த மறுநாள் காலை. பனி நன்றாக இறங்கியிருந்தது. ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சியே தெரியவில்லை. வீடு பூராவும் தங்கச்சிகள், மாப்பிள்ளைகள், பிள்ளைகள். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிற வீடு என்று கேள்விப்பட்டிருந்தவர்கள் ஒருவர்கூடக் கிணற்றுப் பக்கம் போகவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டில் வரிசையாக நின்றார்கள்.

முதலில் போனவள் விருத்தாம்பாள். பெரியவள் என்ற முறையில் போனாள். போனவள் வரவில்லை. உள்ளேயிருந்து தண்ணீர் விழுகிற சத்தமும், "அப்பாடா... அம்மாடி..." என்கிற சத்தமும் மட்டும் வந்தன. வெளியே கட்டைகளை ஊன்றி நின்ற அரிகிருஷ்ணன் ரேடியோவில் கிரிக்கெட் சொல்கிற குரலில் ஆரம்பித்தான்.

"விருத்தாம்பாள் இன்னும் ஆட்டமிழக்கவில்லை. வெளியே பார்வையாளர்கள் பொறுமையிழந்து துண்டை உதறுகிறார்கள். இதோ, அடுத்த சொம்பு..."

"டேய், நான் கெழவி, எனுக்கு முதுகுவலி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னும் ஒரே ஒரு சொம்பு!"

ஒருவழியாக அவள் வெளியே வந்தபோது முகமெல்லாம் சிவந்து, தலையிலிருந்து ஆவி பறக்க, பத்து வயது குறைந்தவளாக இருந்தாள். நேராக அரிகிருஷ்ணனிடம் வந்து, "நீ போ தம்பி, நீதான் அடுத்து" என்று வரிசையில் நின்றவர்களைக் கையால் விலக்கினாள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். யாரும் கலந்து வைக்கவில்லை, யாரும் வாசலில் காவல் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டு வந்தது. சுருதியே இல்லை. ரத்தினம்மாள் அடுக்களை ஜன்னலில் கரண்டியும் கையுமாக நின்று அந்தப் பாட்டு முடிகிறவரை கேட்டாள்.

பிறகு பிள்ளைகள், பிறகு மாப்பிள்ளைகள். நடுவில் ஒரு தடவை கரண்டு போயிற்று. சோப்பு நுரையோடு ஒரு மாப்பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டு சத்தம் போட, பின்கட்டே சிரித்தது. ரத்தினம்மாள் குளித்துவிட்டு ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தபோது, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து விட்டாள். இளைப்புச் சத்தம் இல்லை.

கடைசியில் தனகோட்டி உள்ளே போய்க் குழாயைத் திறந்தான். பச்சைத்தண்ணீர் வந்தது. சொட்டுச் சூடு இல்லை. மொத்தத்தையும் ஊற்றித் தீர்த்துவிட்டிருந்தார்கள்.

"பரவால்ல, நான் கெணத்துக்குப் போறேன். எனுக்குப் பழக்கந்தான்" என்று வாளியை எடுத்தான்.

"வையிங்க" என்றாள் ரத்தினம்மாள். "இப்பதான் தொட்டியிலேர்ந்து ரொம்புது. சுச்சு போட்டிருக்கேன். காயட்டும்."

"எம்மா நேரம் ஆவும்?"

"ஆவட்டுமே. அப்பிடி இன்னா அவசரம்?"

உண்மையில் ஒரு அவசரமும் இல்லை. மிஷினுக்கு அன்றைக்கு லீவு. அவன் வாளியை வைத்துவிட்டுப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துண்டை அவிழ்த்துத் தலையைக் கோதி ஆற்ற ஆரம்பித்தாள். உள்ளே அக்காவும் அரிகிருஷ்ணனும் இட்லிக்குச் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. பனி விலகி வெயில் மெல்ல முற்றத்துக்குள் இறங்கியது. தண்ணீர் காய்ந்ததும் அணைகிற சின்னச் சிவப்பு விளக்கு, சுவிட்சுக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. அது அணைகிறவரைக்கும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அணைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.